இருதயத்தில் குறையில்லை என்ற பிறகும் திரும்ப வரும் நெஞ்சு வலியைச் சமாளிப்பது எப்படி

நெஞ்சு வலியோடு மருத்துவமனைக்குப் போய், இசிஜி எடுத்து, இரத்தப் பரிசோதனையும் முடிந்து, "இருதயத்தில் குறை எதுவும் இல்லை, கேஸ்ட்ரிக்காக இருக்கலாம்" என்ற பதிலோடு வீடு திரும்பியவர்கள் பினாங்கில் நம்மிடையே நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களுள் பலருக்குச் சில வாரங்களிலேயே அதே வலி, பெரும்பாலும் இரவு நேரத்தில், மறுபடியும் வருகிறது. மருத்துவர் சொன்னது நினைவில் இருந்தாலும் நெஞ்சை அழுத்தும் அந்த நேரத்தில் அதை நம்ப முடிவதில்லை. இரைப்பை அமிலம் மேலேறுவதால் வரும் வலியும் மனப்பதற்றத்தால் வரும் வலியும் ஒன்றையொன்று வளர்ப்பவை. ஆகவே ஒன்றுக்கு மட்டும் மருந்து எடுத்து மற்றதைக் கவனிக்காமல் விட்டால் இரண்டும் தீராது. இரண்டையும் ஒரே காலத்தில் கவனிப்பது எப்படி என்பதைத்தான் இங்கே விளக்க விரும்புகிறேன். ஆனால் அதற்கு முன் இருதயத்தைப் பற்றிய கேள்விக்கு முறையான விடை கிடைத்திருக்க வேண்டும். அந்த விடை இன்னும் கிடைக்காதவர்கள் கீழே வரும் முதல் பகுதியை மட்டும் படித்துவிட்டு மருத்துவரிடம் செல்வதே சரி.

முதலில் இருதயம்

மலேசியாவில் நீரிழிவு நம் சமூகத்தில்தான் மிகுதி. 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பது தெரிய வந்தது. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களின் விகிதமே அவற்றுள் உயர்ந்தது. நீரிழிவு உள்ளவர்களுக்கும் பெண்களுக்கும் முதியவர்களுக்கும் மாரடைப்பு எப்போதும் கடுமையான நெஞ்சு வலியாக வருவதில்லை. மேல்வயிற்றில் எரிச்சல், குமட்டல், காரணமில்லாத களைப்பு, மூச்சுத் திணறல் என்ற வடிவிலும் வரும். அதனால்தான் "வாய்வு பிடித்திருக்கிறது" என்று கோடாலித் தைலத்தைத் தடவிக்கொண்டு விடியும்வரை காத்திருக்கும் வழக்கத்தை நான் இவ்வளவு அழுத்தமாக எதிர்க்கிறேன். தைலம் தடவுவதால் கேடில்லை, காத்திருப்பதால்தான் உயிர் போகிறது.

நெஞ்சின் நடுவில் பாரம் வைத்தாற்போன்ற அழுத்தம், இடது கைக்கோ தாடைக்கோ முதுகுக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, மூச்சு வாங்குதல், மயக்கம் வருவது போன்ற உணர்வு ஆகியவற்றுள் எது இருந்தாலும், அல்லது வலி 15 நிமிடங்களுக்கு மேல் குறையாமல் நின்றாலும், 999 எண்ணை அழைக்க வேண்டும். மோட்டார் சைக்கிளிலோ காரிலோ தாமே ஓட்டிக்கொண்டு போகக் கூடாது; வழியில் நினைவிழந்தால் உடன் வருபவருக்கும் சாலையில் இருப்பவர்களுக்கும் சேர்த்து ஆபத்து. அவசரப் பிரிவின் முகப்பில், "கேஸ்ட்ரிக் மாதிரி இருக்கிறது" என்று நாமாக நோயை முடிவுசெய்து சொல்வதைவிட, மலாயில் "சாக்கிட் டாடா", அதாவது நெஞ்சு வலி, என்று தொடங்குவது முக்கியம். வருபவர்களை வரிசைப்படுத்தும் தாதி அந்தச் சொற்களைக் கேட்டால்தான் இசிஜியை உடனே எடுக்க ஏற்பாடு செய்வார்.

ஒரே ஓர் இசிஜி சரியாக இருந்ததை வைத்து இருதய நோய் இல்லை என்று முடிவுகட்ட முடியாது. மாரடைப்பின் தொடக்கத்தில் அது இயல்பாகவே காட்டக்கூடும் என்பதால்தான் ட்ரோபோனின் என்னும் இரத்தப் பரிசோதனையைச் சில மணி நேர இடைவெளியில் இரண்டாம் முறையும் எடுக்கிறார்கள். முதல் முடிவு நன்றாக வந்தது என்பதற்காகச் சொந்தப் பொறுப்பில் கையெழுத்திட்டுவிட்டுக் கிளம்பக் கூடாது. அதேபோல அமில மருந்து குடித்ததும் வலி குறைந்தது என்பதோ, ஏப்பம் விட்டதும் இலேசானது என்பதோ இருதயம் நன்றாக இருப்பதற்குச் சான்றாகாது. தண்ணீர்மலைப் படிகளில் ஏறும்போது நெஞ்சு இறுகி, நின்று ஓய்வெடுத்தால் தணிகிறது என்றால், கூடவே எத்தனை ஏப்பம் வந்தாலும் அதை இருதயத்தின் அறிகுறியாகவே கொண்டு மருத்துவரிடம் செல்ல வேண்டும். வயிறு நிறையச் சாப்பிட்ட பிறகு நடந்தால் வரும் வலியும் இந்த வகையைச் சேர்ந்ததாக இருக்கலாம் என்பதைப் பலர் அறிவதில்லை.

இந்தப் பரிசோதனைகள் முடிந்ததும் ஒரு சிறு வேலையைச் செய்துவைத்தால் பின்னால் பெரிதும் உதவும். உங்கள் இசிஜி தாளைக் கைத்தொலைபேசியில் படமெடுத்து, தேதியோடு சேமித்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை வேறொரு மருத்துவமனைக்குப் போக நேர்ந்தால், அங்குள்ள மருத்துவர் பழைய இசிஜியோடு புதியதை ஒப்பிட்டுப் பார்த்து, மாற்றம் புதிதா பழையதா என்பதைச் சில நொடிகளில் அறிந்துகொள்வார்.

வலி ஏன் இவ்வளவு நிஜமாக இருக்கிறது

உணவுக்குழாயும் இரைப்பையும் சேரும் இடத்தில் ஒரு தசை வளையம் இருக்கிறது. விழுங்கும்போது திறந்து, பிறகு மூடிக்கொள்ள வேண்டிய அந்த வளையம் வேண்டாத நேரத்தில் தளர்ந்தால் அமிலம் மேலே ஏறுகிறது. உணவுக்குழாயிலிருந்தும் இருதயத்திலிருந்தும் வலியைச் சுமந்து செல்லும் நரம்புகள் முதுகுத்தண்டின் ஏறக்குறைய ஒரே பகுதிகளில் போய்ச் சேர்வதால், வலி எந்த உறுப்பிலிருந்து வந்தது என்பதை மூளையால் பிரித்தறிய முடிவதில்லை. ஆகவே உங்கள் வலி கற்பனை அன்று. அனுபவமுள்ள மருத்துவரே பரிசோதனை இல்லாமல் பிரித்துச் சொல்லத் தயங்கும் வலி அது.

மனப்பதற்றம் இங்கே இரண்டு வழிகளில் நுழைகிறது. பதற்றமான நேரத்தில் மூச்சு மேலோட்டமாகவும் வேகமாகவும் ஆகி, விலா எலும்புகளுக்கு இடையிலுள்ள தசைகள் இறுகி, தாமாகவே வலிக்கத் தொடங்குகின்றன. வேகமாக மூச்சு விடுவதால் இரத்தத்தில் கரியமில வாயு குறைந்து, விரல்களும் உதட்டோரமும் மரத்துப்போய், தலை இலேசாகச் சுற்றும். இவை மாரடைப்பின் அறிகுறிகள் என்று எண்ணிப் பயம் கூடும். இது ஒரு வழி. மற்றது இன்னும் நுட்பமானது. பயத்திலிருக்கும் நரம்பு மண்டலம் உணவுக்குழாயிலிருந்து வரும் சிறு எரிச்சலையும் பெரிதாக்கிக் காட்டுகிறது. அமிலம் அதிகமாகாத நாளிலும் வலி அதிகமாவது இதனால்தான். கூடவே அடிக்கடி எச்சில் விழுங்கும்போது காற்றும் உள்ளே போய், வயிறு ஊதி, ஏப்பத்தோடு அமிலம் மேலேறுகிறது. இப்படி வலி பயத்தையும் பயம் வலியையும் வளர்க்கும்போது மாத்திரை மட்டும் எடுப்பவருக்குப் பாதிக் குணம்தான் கிடைக்கும். மனத்தை மட்டும் அமைதிப்படுத்த முயல்பவருக்கும் அதே நிலைதான்.

வலி வந்த அந்த அரை மணி நேரம்

வலி வந்தால் என்ன செய்வது என்பதை முன்கூட்டியே மருத்துவரோடு பேசி, ஒரு தாளில் எழுதி, கட்டிலுக்கு அருகில் வைத்துக்கொள்வது சிறந்தது. இரவு இரண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்திருப்பவருக்கு யோசித்து முடிவெடுக்கும் தெளிவு இருப்பதில்லை. தெளிவான பகல் நேரத்தில் எழுதிவைத்த சொற்கள் அப்போது கை கொடுக்கும்.

தாளின் மேற்பகுதியில் மேலே சொன்ன அபாய அறிகுறிகளையும் 999 என்ற எண்ணையும் எழுதுங்கள். வலி வந்ததும் எழுந்து நிமிர்ந்து உட்கார்ந்து, அந்த அறிகுறிகளை ஒரு முறை, ஒரே ஒரு முறை, சரிபாருங்கள். அவற்றுள் ஒன்றேனும் இருந்தாலும், இந்த வலி முன்பு பரிசோதிக்கப்பட்ட வலியைப் போல இல்லாமல் புதிய விதமாக இருந்தாலும், மேற்கொண்டு எதையும் முயலாமல் உதவிக்கு அழையுங்கள். எதுவும் இல்லாமல், வழக்கமாக வரும் அதே வலிதான் என்றால் மட்டும் அடுத்தவற்றுக்குப் போகலாம்.

இடுப்பில் கட்டியிருக்கும் கைலியையோ பாவாடை நாடாவையோ தளர்த்துங்கள். சில மடக்குத் தண்ணீர் குடித்து, மருத்துவரோ மருந்தகரோ பரிந்துரைத்த அமில மருந்தை எடுத்துக்கொள்ளுங்கள். காவிஸ்கோன் போன்ற மருந்துகளில் உள்ள அல்ஜினேட் இரைப்பையில் உள்ளவற்றின் மேல் படலமாக மிதந்து அமிலம் ஏறுவதைத் தடுக்கிறது. ஆதலால் அதைக் குடித்தவுடன் நிறையத் தண்ணீர் குடிப்பதோ படுப்பதோ அதன் பயனைக் குறைக்கும். பிறகு ஒரு கையை வயிற்றின் மேல் வைத்து, மூக்கின் வழியாக நான்கு எண்ணும்வரை மூச்சை உள்ளிழுத்து, ஆறு எண்ணும்வரை மெல்ல வெளியே விடுங்கள். மார்பு அசையாமல் வயிற்றின் மேல் உள்ள கை மட்டும் ஏறி இறங்க வேண்டும். ஐந்து முதல் பத்து நிமிடங்கள் இதைச் செய்யும்போது வலி உடனே மறைய வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். வலி இருக்கும்போதே மூச்சை நிதானப்படுத்துவதுதான் இதன் நோக்கம். இந்த மூச்சுப் பயிற்சிக்கு இன்னொரு பயனும் உண்டு. உதரவிதானத்தின் ஒரு பகுதி நான் மேலே சொன்ன தசை வளையத்தைச் சுற்றி இருந்து அதற்கு வலுவூட்டுவதால், நாள்தோறும் சாப்பாட்டுக்குப் பிறகு இதைச் செய்பவர்களுக்கு அமிலம் மேலேறுவதே குறைவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. வயிற்றுக்கும் மனத்துக்கும் ஒருங்கே உதவும் பயிற்சி என்பதால் இந்தக் கட்டுரையில் நான் மற்ற எதையும்விட இதையே உயர்வாக மதிக்கிறேன்.

அந்த நேரத்தில் செய்யக் கூடாதவையும் தாளில் இருக்கட்டும். இரத்த அழுத்தக் கருவியை மறுபடி மறுபடி கையில் கட்டிப் பார்க்காதீர்கள். பதற்றத்தில் எடுக்கும் ஒவ்வோர் அளவும் முந்தையதைவிட உயர்ந்து வரக்கூடும், அது பயத்தைத்தான் கூட்டும். கைக்கடிகாரத்தில் நாடித் துடிப்பை நோக்கிக்கொண்டிருப்பதும், இணையத்தில் அறிகுறிகளைத் தேடுவதும் அப்படியே. திடீரெனக் கிளம்பும் பயத் தாக்குதல் பெரும்பாலும் பத்து நிமிடங்களுக்குள் உச்சத்தை அடைந்து பிறகு இறங்கத் தொடங்கும். எனவே கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பதினைந்து நிமிடங்களில் வலி இறங்கும் அடையாளம் எதுவும் இல்லை என்றால் 999 எண்ணை அழைத்து மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும் என்பதே முடிவு. அப்படிப் போய், இருதயம் நன்றாக இருக்கிறது என்று தெரிந்து திரும்பினால் அதற்காக யாரும் வெட்கப்பட வேண்டியதில்லை.

உடனிருப்பவருக்கும் இதில் பங்கு உண்டு. "ஒன்றுமில்லை, சும்மா படுங்கள்" என்பது அன்பால் சொல்லப்படுவதுதான் என்றாலும், வலியில் இருப்பவருக்கு அது தம்மை நம்பாததாகப் படும். படுப்பது அமிலத்துக்கும் நல்லதன்று. "தாளை எடுக்கட்டுமா? சேர்ந்து பார்ப்போம்" என்று கேட்டு, அருகில் அமர்ந்து, தாமும் அதே வேகத்தில் மூச்சு விடுவது பலன் தரும்.

பகலில் செய்ய வேண்டியவை

உணவைப் பற்றிப் பேசத் தொடங்கினால் பட்டியல்கள் நீண்டுவிடும். காப்பி, மது, கொழுப்பு மிகுந்த உணவு, சாக்லேட், புதினா, புளிப்பு, காரம் என்று எல்லாவற்றையும் ஒரே நாளில் விலக்கியவர்கள் சில வாரங்களில் மெலிந்து, எந்தத் தட்டைப் பார்த்தாலும் அஞ்சும் நிலைக்கு வருவதுண்டு. அந்த அச்சமே புதிய நோயாகிவிடும். ஒரு குறிப்பேட்டில் இரண்டு வாரங்களுக்கு, என்ன சாப்பிட்டீர்கள், எப்போது, அதன்பின் எப்போது படுத்தீர்கள், அன்று மனம் எப்படி இருந்தது, வலி வந்ததா என்பதை மட்டும் எழுதுங்கள். அசாம் லக்சா ஒருவருக்கு ஒத்துக்கொள்ளாமல், புளிக்குழம்பு ஒத்துக்கொள்ளலாம். குறிப்பேட்டில் மூன்று நான்கு முறை வலியோடு சேர்ந்து வந்த உணவை மட்டும் நிறுத்தினால் போதும்.

என்ன சாப்பிடுகிறோம் என்பதைவிட எப்போது, எவ்வளவு சாப்பிடுகிறோம் என்பதே நம் ஊரில் பெரிய காரணம் என்பது என் எண்ணம். இரவு பதினொரு மணிக்கு நாசி கண்டார் கடையில் பல குழம்புகளைக் கலந்து ஊற்றிய சோற்றைச் சாப்பிட்டு, இனிப்பான தே தாரேக் ஒன்றும் குடித்துவிட்டு நள்ளிரவில் படுப்பவருக்கு, எந்த மாத்திரையாலும் முழுப் பாதுகாப்புத் தர முடியாது. இரவுச் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் இடையே மூன்று மணி நேரம் இருக்கட்டும். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் இரவு வேலை செய்பவர்களுக்கு இது கடினம். காலையில் வேலை முடிந்ததும் வயிறு நிறையச் சாப்பிட்டு நேரே உறங்கப் போகும் வழக்கம் அவர்களிடம் பரவலாக உண்டு. அவர்கள் பெரிய சாப்பாட்டை வேலையின் நடுவே உள்ள இடைவேளைக்கு மாற்றிக்கொண்டு, விடிந்ததும் இரண்டு இட்லியோ ரொட்டித் துண்டோ மட்டும் பசியாறிவிட்டுப் படுத்தால் வேறுபாட்டைக் காணலாம். விரதம் இருப்பவர்களும் கவனிக்க வேண்டும்: தைப்பூசக் காலத்தில் நாள் முழுவதும் பட்டினி இருந்து மாலையில் வயிறு புடைக்கச் சாப்பிடுவதும், ரமலானில் விடியலுக்கு முந்தைய சஹர் உணவை முடித்ததும் மறுபடி படுத்து உறங்குவதும் அமிலத்தை மேலேற்றும். விரதத்தைக் கைவிட வேண்டியதில்லை; முடிக்கும் உணவைச் சிறிதாக்கி, இரண்டு வேளையாகப் பிரித்து, மாத்திரை நேரத்தை மருத்துவரோடு பேசி மாற்றிக்கொண்டால் போதும்.

படுக்கும்போது தலையணைகளை அடுக்குவது பெரும்பாலும் தவறான பலனையே தருகிறது, ஏனென்றால் அப்போது வயிறு மடங்கி அழுந்துகிறது. கட்டிலின் தலைப்பக்கக் கால்களுக்கு அடியில் உறுதியான மரக்கட்டைகளையோ செங்கற்களையோ வைத்து 15 முதல் 20 சென்டிமீட்டர் உயர்த்தி, இடது பக்கமாகச் சாய்ந்து படுங்கள். வலப்பக்கம் படுக்கும்போது இரைப்பை உணவுக்குழாயைவிட உயர்ந்த நிலைக்கு வருவதால் அமிலம் எளிதில் ஏறுகிறது. உடல் எடை மிகுந்தவர்களுக்கு எடைக் குறைப்பு மிகப் பயனுள்ள சிகிச்சைகளுள் ஒன்று. புகைப்பதையும் நிறுத்த வேண்டும்.

வீட்டு வைத்தியங்களில் சீரகத் தண்ணீரும் மோரும் கெடுதல் செய்வதில்லை. பால் சிறிது நேரம் ஆற்றிவிட்டு, பிறகு அமிலத்தைத் தூண்டலாம். ஈனோ போன்ற நுரைத்தெழும் பொடிகளில் சோடியம் மிகுதி என்பதால் இரத்த அழுத்தமோ சிறுநீரகக் கோளாறோ உள்ளவர்கள் அடிக்கடி குடிக்கக் கூடாது.

மருந்துகளைச் சரியாக எடுத்தல்

ஓமெப்ரஸோல், பான்டோப்ரஸோல், எசோமெப்ரஸோல் ஆகியவை அமிலச் சுரப்பையே குறைப்பவை. இவற்றைக் காலையில் பசியாறுவதற்கு 30 முதல் 60 நிமிடங்களுக்கு முன் எடுக்க வேண்டும். வலி வந்த நேரத்தில் மட்டும் ஒன்றை விழுங்கிவிட்டு "இது எனக்குக் கேட்கவில்லை" என்று ஒதுக்குவது சரியன்று. முழுப் பலன் தெரியச் சில நாட்களாகும், வழக்கமான சிகிச்சைக் காலமே 8 வாரங்கள் வரை போகும். நீண்ட காலம் எடுத்தபின் திடீரென நிறுத்தினால் அமிலம் முன்பைவிட அதிகமாகச் சில வாரங்கள் சுரந்து, நோய் திரும்பியது போன்ற அச்சத்தைத் தரும்; எனவே மருத்துவர் சொல்லும்படி படிப்படியாகக் குறைக்க வேண்டும். இருதயத்தில் ஸ்டென்ட் வைத்து, இரத்தம் உறைவதைத் தடுக்கும் க்ளோபிடோக்ரெல் எடுப்பவர்கள் ஓமெப்ரஸோலையும் எசோமெப்ரஸோலையும் தாமாகச் சேர்க்கக் கூடாது, ஏனெனில் அவை அந்த மருந்தின் வேலையைக் குறைக்கின்றன.

வேறு நோய்க்காக எடுக்கும் மருந்துகளும் நெஞ்செரிச்சலை வளர்க்கக்கூடும். மூட்டு வலிக்கும் முதுகு வலிக்கும் பொன்ஸ்டான், வோல்ட்டரன் போன்றவற்றை வாரக்கணக்கில் விழுங்குவது இரைப்பையைப் புண்படுத்தும். அம்லோடிபின், நிஃபெடிபின் போன்ற இரத்த அழுத்த மாத்திரைகள் சிலருக்கு அந்தத் தசை வளையத்தைத் தளர்த்துகின்றன. இவற்றை நீங்களாக நிறுத்திவிடாமல், நெஞ்செரிச்சல் இருப்பதைச் சொல்லி மாற்று உண்டா என்று கேளுங்கள்.

வயிற்றுப் புண்ணுக்குக் காரணமாகும் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமி மலேசியாவில் மலாய்க்காரர்களைவிட இந்தியர்களிடமும் சீனர்களிடமும் அதிகமாகக் காணப்படுகிறது. மேல்வயிற்று வலியும் சேர்ந்திருந்தால் இதற்கான மூச்சுப் பரிசோதனையைப் பற்றி மருத்துவரிடம் கேட்கலாம். அதற்கு முன் இரண்டு வாரங்கள் ஓமெப்ரஸோல் வகை மருந்தை நிறுத்தியிருந்தால்தான் முடிவு நம்பகமானதாக இருக்கும்.

மனப்பதற்றத்துக்கான உதவி

நம் குடும்பங்களில் இந்தப் பகுதியைத்தான் எல்லாரும் தள்ளிப்போடுகிறார்கள். மனநலத் துறைக்குப் போவது என்றாலே சம்பந்தி வீட்டார் என்ன நினைப்பார்களோ, வேலை இடத்தில் தெரிந்துவிடுமோ என்ற தயக்கம் எழுகிறது. ஆனால் தொடக்கத்திலேயே மனநல மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய தேவை பெரும்பாலும் இருப்பதில்லை. வழக்கமாகப் போகும் அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கிலேயே, குடிமக்களுக்கான 1 ரிங்கிட் கட்டணத்தில், பதற்றத்துக்கான கேள்வித்தாள் பரிசோதனையைக் கேட்டுப் பெறலாம். தேவைப்பட்டால் அங்கிருந்தே குடும்ப மருத்துவ நிபுணருக்கோ உளவியல் ஆலோசகருக்கோ அனுப்புவார்கள். மனநல உதவிக்காகச் சுகாதார அமைச்சு 2022இல் தொடங்கிய ஹீல் தொலைபேசி சேவையின் எண் 15555. இரவில் யாரிடமாவது பேச வேண்டும் என்று தோன்றினால் பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பின் கோலாலம்பூர் எண்ணான 03-7627 2929 நாள் முழுவதும் இயங்குகிறது.

பேச்சுவழிச் சிகிச்சையில் நீங்கள் கற்றுக்கொள்வது, வலி வந்ததும் மனம் தாவிச் செல்லும் முடிவை நிறுத்தி ஆராய்வது. "நெஞ்சு எரிகிறது, ஆகவே இது மாரடைப்பு, ஆகவே பிள்ளைகள் தனித்துவிடுவார்கள்" என்று ஒரு நொடியில் ஓடும் எண்ணத்தை எழுதி, அதற்கு ஆதரவான சான்று எது, எதிரான சான்று எது என்று பார்ப்பது அதன் அடிப்படை. இதைப் பழக வாரங்கள் ஆகும். இன்னொன்று, ஆறுதல் தேடி மறுபடி மறுபடி பரிசோதனைக்குப் போவதைக் குறைப்பது. ஒவ்வொரு இசிஜியும் இரண்டு நாள் நிம்மதி தரும், மூன்றாம் நாள் ஐயம் திரும்பும். ஒரே மருத்துவரிடம் தொடர்ந்து செல்வது, அடுத்த பரிசோதனை எப்போது என்பதை அவரோடு முன்பே முடிவுசெய்துகொள்வது, அபாய அறிகுறியோ புதிய வகை வலியோ வந்தால் மட்டும் அந்த ஒழுங்கை மீறுவது என்ற மூன்றும் சேர்ந்தால் மனம் மெல்ல அடங்கும்.

மருந்து தேவைப்பட்டால் மருத்துவர் பெரும்பாலும் செர்ட்ராலின், எஸ்சிட்டாலோப்ராம் போன்றவற்றில் ஒன்றைத் தருவார். முதல் சில நாட்களில் குமட்டலும் சிறிது படபடப்பும் வரலாம். பலன் தெரியச் சில வாரங்கள் வேண்டும் என்பதால் நடுவில் கைவிடாதீர்கள். இவற்றோடு பொன்ஸ்டான், வோல்ட்டரன் போன்ற வலி மாத்திரைகளையும் சேர்த்து எடுத்தால் இரைப்பையில் இரத்தக் கசிவு ஏற்படும் வாய்ப்பு கூடும் என்பதை நினைவில் கொள்ளுங்கள். அல்ப்ரஸோலம் போன்றவை விரைவில் அமைதி தந்தாலும் பழக்கமாகிவிடக்கூடியவை. குறுகிய காலத்துக்கு மட்டுமே அவை பொருந்தும்.

உடற்பயிற்சியைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நெஞ்சு வலி கண்டவர்கள் நடப்பதற்கே அஞ்சி வீட்டில் முடங்கிவிடுகிறார்கள். இருதயப் பரிசோதனை நன்றாக இருந்து, மருத்துவரும் அனுமதித்தால், காலையில் தாவரவியல் பூங்காவில் மெதுவான நடையோடு தொடங்கி, வாரந்தோறும் சிறிது நேரத்தைக் கூட்டுங்கள். நடக்கும்போது இருதயம் வேகமாகத் துடிப்பதும், பின் தானே அடங்குவதும் கண்ணெதிரே நடக்கும்போது, துடிப்பின் மீதிருந்த பயம் குறைகிறது. சாப்பிட்டவுடன் குனிந்து தூக்கும் பயிற்சிகளை மட்டும் தவிர்க்க வேண்டும்.

குறையாவிட்டால்

விழுங்குவதில் தடை, காரணமில்லாமல் எடை குறைதல், இரத்த வாந்தி, தார் போன்ற கறுத்த மலம், விடாத வாந்தி, இரத்தச்சோகை ஆகியவற்றுள் எது இருந்தாலும், அல்லது 50 வயதுக்கு மேல் இந்தத் தொல்லை முதன்முறையாகத் தொடங்கினாலும், மருந்தின் பலனுக்காகக் காத்திராமல், கேமரா பொருத்திய குழாயால் இரைப்பையை உள்ளே பார்க்கும் எண்டோஸ்கோபி பற்றி மருத்துவரிடம் பேச வேண்டும். இரத்த வாந்தியும் கறுத்த மலமும் அன்றே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டியவை.

இவை எதுவும் இல்லாமல், மாத்திரையை 8 வாரங்கள் ஒழுங்காக எடுத்தும் வலி அப்படியே இருந்தால் கிளினிக்கிலிருந்து பரிந்துரைக் கடிதம் பெற்று, பினாங்கு மருத்துவமனை போன்ற பெரிய மருத்துவமனையின் வயிற்று நோய்ப் பிரிவில் காட்டுங்கள். அங்கே எண்டோஸ்கோபி செய்வதோடு, தேவைப்பட்டால் மூக்கின் வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி, ஒரு நாள் முழுவதும் உணவுக்குழாயில் அமிலம் எத்தனை முறை ஏறுகிறது என்பதை அளக்கும் பரிசோதனையும், தசைகள் சுருங்கும் விதத்தை அளக்கும் பரிசோதனையும் பரிந்துரைக்கப்படலாம். எல்லாம் இயல்பாக வந்து, அமிலமும் அளவுக்குள் இருந்தால், மருத்துவர் அமில மருந்தைக் குறைத்துவிட்டு, உணவுக்குழாயின் மிகை உணர்ச்சியைத் தணிக்க மனச்சோர்வு மருந்துகளுள் ஒன்றைக் குறைந்த அளவில் தரக்கூடும். "எனக்குப் பைத்தியம் என்று நினைக்கிறாரா" என்று அந்தச் சீட்டைக் கிழிக்காதீர்கள். அந்த அளவில் அது நரம்புகளின் வலி உணர்வைக் குறைப்பதற்காகத் தரப்படுவது. எந்த நேரத்தில் எடுப்பது, மற்ற மாத்திரைகளோடு சேருமா, எத்தனை வாரங்களில் பலனை எதிர்பார்க்கலாம் என்ற மூன்று கேள்விகளையும் மருந்தை வாங்கும் மேசையிலேயே கேட்டு, விடைகளைக் கட்டிலருகே உள்ள தாளின் பின்பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.